வரலாறும் இலக்கியமும் சேர்த்து எம்.ஏ. படிக்கலாமா?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்): பி.ஏ. வரலாறு முடிக்கப் போகிறேன், சங்க இலக்கியத்தைக் கைவிடவும் மனசு வரவில்லை. இரண்டுக்கும் சேர்த்து வழி உண்டா?

பதில் 1: தாராளமா தம்பி. எம்.ஏ.வை ஒரு துறையில் எடுங்க, ஆய்வுத் தலைப்பில் இரண்டையும் சேருங்க. ஔவையார் புறநானூற்றில் பாடும் நம்ம தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பைக் குகையில் தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் இருக்கு, ‘ஈத்த பாளி’ (கொடுத்த குகை உறைவிடம்) என்று அவன் கொடுத்த கொடையோடு. அங்கேயே ‘ஸதியபுதோ’ என்றும் வருது, அசோகர் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியரோடு வரும் அதே சத்தியபுத்திரர்! பாட்டை மட்டும் படித்தால் இது கிடைக்குமா?

பதில் 2: சரிதான், ஆனால் முதலில் கல்வெட்டு வாசிக்கப் பழகுங்க.

பதில் 3: ஆய்வுத் தலைப்புக்கு ஏற்காடு காபித் தோட்டங்களையும் யோசிங்க. பிரிட்டிஷ் கால ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், மலையாளிப் பழங்குடியினரின் வாய்மொழிப் பாட்டு சேர்வராயன் மலையில்.