ராணுவக் குடியிருப்பு விதிகள் மனைவியின் வேலையையும் பெண் அதிகாரியின் குடும்பத்தையும் கணக்கில் எடுக்கின்றனவா?

கேள்வி: ஒரு ஹவில்தாரின் மனைவி

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் தரைப்படையில் ஹவில்தார், நான் பி.எட். முடித்துத் தனியார் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். திருமணமான பதினோரு ஆண்டுகளில் நான்கு ஊர்களில் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டோம். ஒவ்வொரு மாற்றலின்போதும் என் வேலையை விட்டுவிட்டு, அடுத்த ஊரில் மீண்டும் தொடக்கச் சம்பளத்தில்தான் சேர்ந்திருக்கிறேன். சென்ற மாதம் அவருக்கு, குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல முடியாத ஃபீல்டு பகுதிக்கு மாற்றல் வந்தது. இப்போதுள்ள வீட்டிலேயே தொடரலாமா, கணவரைப் பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கான எஸ்.எஃப். குவார்ட்டர்ஸுக்கு விண்ணப்பிக்கலாமா என்று விசாரித்தபோது ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். அவருடைய பதவி, பணிமூப்பு, மாற்றல் உத்தரவின் எண், பிள்ளைகள் படிக்கும் வகுப்பு எல்லாவற்றையும் அதில் கேட்டிருந்தார்கள். நான் வேலை பார்க்கிறேனா என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை.

இது எங்கள் ராணுவ நிலையத்து வழக்கம் மட்டும்தானா, பாதுகாப்புத் துறையின் கொள்கையே இப்படித்தானா? பெண் அதிகாரிகளின் குடும்பங்களுக்கும் இதே நிலைதானா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: ஓய்வு பெற்ற சுபேதார், வேலூர் மாவட்டம்

உங்கள் கேள்வி நியாயமானது அம்மா. ராணுவக் குவார்ட்டர்ஸ் குடும்பத்துக்கு ஒதுக்கப்படும் வீடு அன்று. படைவீரர் அந்த நிலையத்தில் பணியாற்றும் காலத்துக்கு ஒதுக்கப்படும் வீடு. மாற்றல் உத்தரவு வந்த நாளிலேயே அந்த வீட்டின் மீதான உரிமையும் முடியத் தொடங்கிவிடுகிறது. ஃபீல்டுக்குப் போகிறவரின் குடும்பம் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் பழைய நிலையத்திலேயே வீட்டைத் தக்கவைக்கும் அனுமதியும், எஸ்.எஃப். குவார்ட்டர்ஸும் ஏற்பட்டன. பிள்ளைகளின் கல்வியாண்டுக்கு அங்கே மதிப்பு உண்டு. தாயின் வேலைக்கு அப்படி ஒரு மதிப்பு இருந்து நான் பார்த்ததில்லை.

இதற்கு வீடுகளின் பற்றாக்குறையும் ஒரு காரணம். திருமணமானோர் குடியிருப்புத் திட்டம் 2002-இல் தொடங்கப்பட்டபோது, முப்படைகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 லட்சம் வீடுகள் கட்ட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் ஜவான்களின் குடும்பங்கள் எத்தனை காலம் பட்டியலில் காத்திருந்தன என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆனால் பற்றாக்குறை மட்டுமே காரணம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒருமுறை நான் முன்னதாகவே புதிய யூனிட்டுக்குப் போய்விட்டதால், வீட்டைச் சரிபார்த்து ஒப்படைக்கும் மார்ச்-அவுட்டை என் மனைவி தனியாகவே எதிர்கொண்டாள். ராணுவக் கட்டடங்களைப் பராமரிக்கும் எம்.இ.எஸ். பிரிவின் ஊழியர் குழாய்களையும் மின்விசிறிகளையும் ஒவ்வொன்றாக எண்ணி, சமையலறை ஜன்னலில் விரிசல் விட்டிருந்த கண்ணாடிக்குத் தொகை போட்டார். ஆறு ஆண்டுகள் அந்த வீட்டைத் துடைத்துப் பெருக்கி வைத்திருந்தவள் அவள். ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட்டதோ அன்று காலைதான் அந்த வீட்டை முதன்முறையாகப் பார்த்த ஒரு நாயக். அதைச் சொல்லி அவள் இன்றும் வருந்துகிறாள்.

மறுமொழி: முன்னாள் பெண் அதிகாரி, குறுகிய காலப் பணி

சகோதரி, நான் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி பெற்றவள். பெண்களை அதிகாரிகளாகத் தரைப்படை 1992-இல் சேர்க்கத் தொடங்கியது. ஆனால் பெரும்பாலான பிரிவுகளில் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் எங்களால் அப்போது தொடர முடியாமல் இருந்ததால், எங்கள் குடும்பங்கள் எங்கே வாழும் என்பதைப் பற்றி யாரும் நீண்ட காலக் கண்ணோட்டத்தில் யோசிக்கவில்லை.

பெண் அதிகாரிகள் நிரந்தரப் பணி கோரிய பபிதா புனியா வழக்கில் மத்திய அரசு முன்வைத்த வாதங்களைப் படித்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். தாய்மையும் குடும்பப் பொறுப்புகளும் பெண்களுக்குத் தடையாகும் என்று சொன்ன அரசு, எல்லைப் பகுதிகளில் தங்குமிட வசதியும் சுகாதார வசதியும் மிகக் குறைவு என்பதையும் ஒரு காரணமாகக் காட்டியது. வசதி செய்து தர வேண்டியவரே வசதி இல்லை என்பதைப் பெண்களுக்கு எதிரான வாதமாக வைத்ததை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பெண் அதிகாரிகளில் 30 விழுக்காட்டினர் ஏற்கெனவே மோதல் பகுதிகளில் பணியாற்றிக்கொண்டிருப்பதைச் சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், 2020 பிப்ரவரி 17 அன்று அந்த வாதங்களை நிராகரித்தது.

தீர்ப்பு வந்தபின் குடியிருப்புப் பிரச்சினை பெரிதாகியிருக்கிறது என்றே சொல்வேன். நிரந்தரப் பணி என்றால் மாற்றல்களும் அத்தனை ஆண்டுகளுக்குத் தொடரும். கைக்குழந்தையோடு புதிய ஊருக்குப் போகும் அதிகாரிக்கு வீடும் காப்பகமும் ஒரே நாளில் தேவைப்படுகின்றன. என் கணவர் தனியார் நிறுவன ஊழியர். எங்கள் வாசல் பலகையில் என் பெயரும் என் பதவியும்தான் எழுதியிருக்கும், ஆனாலும் பழுது பார்க்க வருகிறவர்கள் அவரைப் பார்த்து, "சார், உங்கள் யூனிட் எது?" என்றுதான் கேட்பார்கள். நான் ஃபீல்டுக்குப் போனபோது, வளாகத்தில் மகளைப் பகலில் விட்டுச் செல்ல இடமில்லாததால், வீடு கையில் இருந்தும் அவளைத் திருநெல்வேலியில் என் அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் போனேன். அப்போது அவளுக்கு இரண்டரை வயது.

மறுமொழி: வழக்கறிஞர், மதுரை

கொள்கை மாறவே இல்லை என்று சொல்ல முடியாது. ராணுவச் செவிலியர் பணியில் இருந்த செலினா ஜான், திருமணம் செய்துகொண்டார் என்பதற்காக 1988-இல் விடுவிக்கப்பட்டார். அந்த விதி 1995-இல் திரும்பப் பெறப்பட்டது. 2024 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. மகப்பேற்றுக்கு 180 நாள், குழந்தைப் பராமரிப்புக்கு மொத்தப் பணிக்காலத்தில் 360 நாள் என்று பெண் அதிகாரிகளுக்கு இருந்த விடுப்பு, 2023 நவம்பரில் மற்ற பதவிகளில் உள்ள பெண்களுக்கும் அதே அளவில் விரிவுபடுத்தப்பட்டது. மத்திய அரசின் சிவிலியன் பெண் ஊழியர்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் நிலைக்கு வருகிறேன். கணவனும் மனைவியும் ஒரே ஊரில் பணியாற்ற வழிசெய்யும் 2009-ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல்கள் தனியார் பள்ளி ஆசிரியைக்குக் கைகொடுக்கா. எனவே கல்வியாண்டு முடியும்வரை வீட்டைத் தக்கவைக்க விண்ணப்பித்து, உங்கள் பணிச் சான்றிதழை ஒரு மனுவோடு இணைத்து, கணவரின் யூனிட் வழியாக நிலையத் தலைமையகத்துக்கு அனுப்புங்கள். படிவத்தில் கட்டம் இல்லை என்பதால் கோரிக்கையே வைக்கக் கூடாது என்று பொருளாகாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மனுவை நேற்று இரவே எழுதிவிட்டேன். பள்ளியிலிருந்து பணிச் சான்றிதழ் திங்கட்கிழமை கிடைத்துவிடும். சுபேதார் ஐயா, உங்கள் மனைவியாரைப் பற்றிப் படித்தபின் ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன். வீட்டை ஒப்படைக்கும் நாளில் என் கணவர் இங்கே இருக்க மாட்டார் என்பதால், அவர் எழுதித் தரும் அதிகாரக் கடிதத்தோடு மார்ச்-அவுட் தாளில் நானே கையெழுத்திட அனுமதி கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.