அம்மாவுக்கு இடுப்பு மூட்டு ஆபரேஷன்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு 74 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். வலது கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. எக்ஸ்ரேயில் பார்த்தால், தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகியிருக்கிறது. பந்து போன்ற எலும்புத் தலைக்கு ரத்தம் பெரும்பாலும் அந்தக் கழுத்தை ஒட்டி ஏறும் சிறு நாளங்கள் வழியாகத்தான் போகிறது. அவை அறுந்துவிட்டால் ஸ்க்ரூ போட்டாலும் தலை செத்துப்போகலாம், அதனால் பந்தை மட்டும் மாற்றிவிடலாம் என்கிறார் டாக்டர். அதுவரை புரிகிறது.

பந்து மட்டும் போதுமா, இடுப்புக் குழியையும் சேர்த்து மாற்றுவது நல்லதா? விழும்வரை கடைக்கும் கோயிலுக்கும் தனியாக நடந்து போனவர் அம்மா. உங்கள் வீட்டில் யாராவது செய்துகொண்டிருந்தால், டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

அப்புறம், எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட்தான். இனி குந்தி உட்காரக் கூடாதாம். அதன்மேல் வைக்கிற கமோடு நாற்காலி ஆடாமல் நிற்குமா? மதுரையில் வாடகைக்குக் கிடைக்குமா? வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட் தெரிந்தாலும் சொல்லுங்கள். நாளை மறுநாள் ஆபரேஷன். அம்மாவோ, தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன் என்று இப்போதே அடம்பிடிக்கிறார். அதற்கும் வழி இருந்தால் எழுதுங்கள்.