ஆபீஸ் மெயிலை கிளவுடுக்கு மாற்றினால் கட்டுப்படியாகுமா?

பனியன்_ஐடி: திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி, 60 மெயில் ஐடி. மைக்ரோசாப்டின் மெயில் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2016, ஆபீஸிலேயே ஒரு சர்வரில் ஓடுகிறது. 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாப்ட் அதற்கு சப்போர்ட்டை நிறுத்திவிட்டது. மெயிலைக் கிளவுடுக்கு, அதாவது மாதக் கட்டணத்தில் வெளிக் கம்பெனியின் சர்வருக்கு, மாற்றலாம் என்றால் "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாசாமாசம் தண்டம் கட்டணும்?" என்கிறார் முதலாளி. என்ன பதில் சொல்வது?

மேகநாதன்: மாற்றிவிடுங்கள். 2021 மார்ச்சில் எக்ஸ்சேஞ்ச் ஓட்டையில் புகுந்து உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்பெனிகளைச் சூறையாடினார்கள். அன்றைக்காவது ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்தது. அப்புறம், 2019 பதிப்பு என்றால் அதே மெஷினில் புதுப் பதிப்பை ஏற்றலாம். 2016-க்கு அந்த வழியும் இல்லை, தனியாகப் புது சர்வர் போட்டுத்தான் மாற்ற வேண்டும். சும்மா இருந்தாலும் செலவுதான்.

சர்வர்சாமி: வாடகை வீட்டுக்குப் போகச் சொல்கிறீர்கள். ஓனர் வாடகையை ஏற்றினால் முதலாளி என்ன செய்வார்? லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் என்ற இலவச மெயில் சர்வர் மென்பொருள்களைப் போட்டால் லைசென்ஸ் காசே கிடையாது. ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு எக்ஸ்சேஞ்சை விட்டு ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச், தண்டர்பேர்டு என்ற ஓப்பன் சோர்ஸ் மெயில் மென்பொருள்களுக்கு வந்துவிட்டது. 40,000-க்கு மேல் மெயில்பாக்ஸ், 2025 அக்டோபரில் வேலை முடிந்தது. 60 ஐடிக்கா முடியாது?

மேகநாதன்: சாமி, அது அரசாங்கம். இங்கே இருப்பது இவர் ஒரு ஆள். இவர் ஊர்த் திருவிழாவுக்குப் போன நாளில் சர்வரின் ஐபி முகவரி ஸ்பாம் அனுப்புவோர் பிளாக்லிஸ்ட்டில் ஏறினால், சரக்கு வாங்கும் பையருக்குப் போக வேண்டிய பேக்கிங் லிஸ்ட் ஸ்பாமில் கிடக்கும். நம் மத்திய அரசே சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மெயிலை ஜோஹோவிடம் கொடுத்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை: இரண்டு பேரும் லைசென்ஸ் காசையே பேசுகிறீர்கள். எங்கள் ஆபீஸ் மெயில் கிளவுடுக்கு மாறியபோது காசு போனது வேறு இடத்தில். மெயிலை மட்டும் படிக்கத் தெரிந்த ஐமேப் என்ற முறை வழியாக இழுத்தார்கள். மெயில் வந்தது, காலண்டரும் கான்டாக்ட்டும் வரவில்லை. அவுட்லுக் மெயிலைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி ஃபைல் ஆளுக்கொன்று, அதில் எது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவுட்லுக்கில் இரண்டு எழுத்து தட்டினால் பெயர் வருமே, அதைச் சொடுக்கி அனுப்பிய உள் மெயில் எல்லாம் திரும்பி வந்தது. பெயருக்குப் பின்னால் பழைய சர்வரின் முகவரி ஒளிந்திருந்ததாம். ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் செய்து மெயில் அனுப்புவது நின்றுபோய், பில்லை செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒரு வாரம் கணக்குப் பிரிவில் வேலையே ஓடவில்லை. அதை யார் கணக்கில் எழுதுவது?

மேகநாதன்: அது கிளவுடின் குற்றமில்லை, மாற்றியவர் அவசரம். மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவின் டிடிஎல்-ஐ, அதாவது மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, இரண்டு நாள் முன்பே 300 நொடிக்கு இறக்க வேண்டும். பழைய சர்வரை உடனே அணைக்கக் கூடாது. மெயில் நம்மிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளைப் போட்ட பிறகுதான் வெளியே மெயில் விட வேண்டும். 60 பேருக்கும் ஒரே பிளான் எடுக்கவும் தேவையில்லை. ஆர்டர், அக்கவுன்ட்ஸ் மாதிரிப் பொது ஐடிகளை மைக்ரோசாப்டின் கிளவுடு சேவையான மைக்ரோசாப்ட் 365-ல், பல பேர் சேர்ந்து பார்க்கும் ஷேர்டு மெயில்பாக்ஸாக வைத்தால் 50 ஜிபி வரை தனி லைசென்ஸ் வேண்டாம்.

சர்வர்சாமி: சரி, 60 என்பது 40 ஆகட்டும். ஐந்து வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். ஒரு நல்ல சர்வரும் பேக்கப்பும் வாங்கிவிடலாம்.

கணக்குப்பிள்ளை: யுபிஎஸ் பேட்டரி, ஏசி, இரவு பத்து மணிக்கு வருகிற சர்வீஸ் ஆள், இதையும் கூட்டுங்கள் சாமி. எனக்குக் கிளவுடு பிடிக்காது, ஆனால் கணக்கு கணக்குதான். மார்ச்சிலும் ஷிப்மென்ட் நெருக்கத்திலும் மட்டும் இதில் கை வைக்காதீர்கள்.

சர்வர்சாமி: நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒன்று. எங்கே போனாலும் டொமைன், அதாவது மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர், கையில் இருந்தால்தான் நாளைக்கு வெளியே வர முடியும். டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

பனியன்_ஐடி: வெப்சைட் போட்டுக் கொடுத்த பையன் பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் இப்போது துபாயில்.

மேகநாதன்: அடக் கடவுளே. மெயில் பேச்சை நிறுத்துங்கள், முதலில் அவருக்குப் போன் போடுங்கள்.

சர்வர்சாமி: இதில் மட்டும் மேகநாதன் கட்சி.