புதுப்பிப்பு: ஆம்ப் இரைச்சல் நின்றது, குற்றவாளி டிஷ் வயர்

டிவி றாக்கைக்குப் பின்னால் வயரெல்லாம் சிக்கு, ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் ஆம்பைப் போட்டால் ‘ம்ம்ம்’ என்று ஒரே இரைச்சல் எனப் போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் கரண்ட் வயர்களை இடப்பக்கமும் சிக்னல் வயர்களை வலப்பக்கமுமாகப் பிரித்தேன். குறுக்கே போகும் இடத்தில் நேர்குறுக்காக விட்டேன். இரைச்சல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. அப்புறம்தான் “டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கோ” என்ற அண்ணாவின் யோசனை. கழற்றியதும் கப்சிப். கிரவுண்ட் லூப்! அதாவது, இரண்டு வழியாக எர்த் ஆகி, வயர்களுக்குள் வளையமாகக் கரண்ட் ஓடி இரைச்சல் போடுவது. இப்போது டிகோடரிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ, டிவியிலிருந்து ஆம்புக்கு ஒப்டிக்கல் கேபிள் மட்டும். அதில் போவது வெளிச்சம், மின்தொடர்பு இல்லை. டிஷ்ஷைத் திரும்பக் கொழுவியும் சத்தமில்லை.

எதிர்பாராதது ஒன்று: பழைய ஆர்சிஏ (ஓடியோ வயர்) பிளக்குகளில் பச்சைக் களிம்பு. வீடு திருகோணமலை உப்புவெளியில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. உப்புக்காற்று சும்மா விடுமா? ஸ்பீக்கர் வயர் நுனிகளும் கறுத்திருந்தன, வெட்டிப் புதிதாகச் சீவினேன்.

கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டிதான் சரி. பிளாஸ்டிக் டை போட்டு, அடுத்த நாளே மூன்றை வெட்டினேன். றாக்கையை முன்னால் இழுக்க ஒரு முழம் வயர் தளர்வாக விடுங்கள்.