மெட்டல் டிடெக்டரோடு காட்டில் காசு தேடுவது தப்பா?

பாரூர்_பையன்:
ஞாயிறானால் டிடெக்டரை எடுத்துக்கொண்டு ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் பக்கம் போய்விடுவேன். உழுத காட்டில் திப்பு காலத்து யானைக் காசு, துருப்பிடித்த இரும்புத் துண்டு என்று ஏதாவது கிடைக்கும். ஒன்றைக்கூட விற்றதில்லை. இதைத் திருட்டு என்கிறார் ஒருவர். மாந்தோப்பு போட ஜேசிபி வைத்துப் பழங்காலப் புதைகுழியைச் சுற்றி நட்ட கல்வட்டத்தையே பெயர்த்துத் தள்ளுகிறார்கள், கல் குவாரிக்காக மலையையே அறுக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு என்னைத் திருடன் என்பது எந்த ஊர் நியாயம்?

தகடூர்_வாத்தியார்:
தம்பி, திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் பொறுக்கும் இரும்புத் துண்டை நினைத்தால் வயிறு எரிகிறது. மயிலாடும்பாறை நம் கிருஷ்ணகிரி மாவட்டம்தானே? அங்கே அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அந்தக் கணக்கு இரும்பைப் பார்த்து வந்ததில்லை. குழியில் 130 செ.மீ. ஆழத்தில், அதே மண்ணடுக்கில் கிடந்த கரித்துண்டைச் சோதித்து வந்தது. 104 செ.மீ.யில் எடுத்த கரி கி.மு. 1615 என்றது. ஒரு முழம்கூட இல்லாத இடைவெளியில் 500 வருடத்துக்கு மேல் வித்தியாசம்! டிடெக்டர் கத்தியதும் மண்வெட்டியால் நோண்டி எடுத்திருந்தால் அது வெறும் பழைய இரும்பு. எடைக்குக்கூடப் போகாது.

பாரூர்_பையன்:
சார், மயிலாடும்பாறையில் நான் நோண்டவில்லை. தலைமுறை தலைமுறையாக ஏர் புரட்டிய மேல்மண்ணில் எந்த அடுக்கு மிச்சம் இருக்கிறது? அடுத்த மழைக்கு ரோட்டாவேட்டர் அந்தக் காசை நசுக்கிவிடும். இங்கிலாந்தில் 1997 முதல் எங்களைப் போன்றவர்கள் எடுப்பதை அரசாங்கமே பதிவு செய்கிறது. இங்கே மட்டும் ஏன் எங்களை விரட்டுகிறீர்கள்?

அரூர்_காட்டுக்காரன்:
விரட்டக் காரணம் இருக்கிறது. எங்கள் காட்டோரம் ஒரு நடுகல். ஊரே வேடியப்பன் என்று கும்பிடுகிற சாமி. அடியில் புதையல் இருக்கிறது என்று எவனோ ராத்திரியில் வந்து தோண்டிக் கல்லைச் சாய்த்துவிட்டான். நட்டு நிறுத்தினோம், ஆனால் விளிம்பு உடைந்து எழுத்துப் போய்விட்டது. சண்டையில் செத்தவனின் ஊரும் பேரும் அதில்தான் இருந்தன. நீங்கள் நல்லவராகவே இருக்கலாம் தம்பி. மெஷினோடு காட்டுக்குள் வருகிறவர்களில் யார் நல்லவர் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

பழங்காசு_பிரியன்:
அண்ணே, நடுகல்லைச் சாய்த்தவனையும் காசு பொறுக்குகிறவரையும் ஒன்றாகப் பேசாதீர்கள். நம் பக்கத்துக் காசுகளைப் பற்றித் தெரிந்ததில் பாதி சேகரிப்பாளர்களால் வந்தது. தொல்லியல் துறையை நம்பியிருந்தால் எல்லாம் உருக்குப் பட்டறைக்குப் போயிருக்கும்.

தகடூர்_வாத்தியார்:
சேகரிப்பாளர்களின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் தம்பி, இங்கிலாந்தில் எந்த வயலில், எந்த இடத்தில் கிடைத்தது என்று சொல்கிறார்கள். அதனால்தான் அந்தப் பதிவுக்கு மதிப்பு. உங்கள் பெட்டியில் உள்ள யானைக் காசில் எது ராயக்கோட்டை, எது காவேரிப்பட்டணம்? 1792-இல் நம் பக்கத்தை, அப்போதைய பாராமகாலை, கிழக்கிந்தியக் கம்பெனியிடம் திப்பு விட்டுக்கொடுத்த பிறகும் அவர் காசு எந்தெந்த ஊரில் புழங்கியது என்று தேட, இடம் தெரிந்த காசு வேண்டும். உழுத மண்ணில் அடுக்கு இல்லாவிட்டாலும் இடம் இருக்கிறதே.

சட்டமும் இருக்கிறது. 1878-ஆம் வருடப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். உரிமை கோரி யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. இருவருக்குள் வேறு ஒப்பந்தம் இருந்தால் அதன்படி. அரசு எடுத்துக்கொண்டால் அதில் உள்ள உலோகம் போன்ற மூலப்பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும்.

பாரூர்_பையன்:
இனிமேல் கிடைப்பதற்குப் போனில் இடம் குறித்து, போட்டோ எடுத்து வைக்கிறேன், அதில் எனக்கு மறுப்பில்லை. கலெக்டர் ஆபீஸில் கொடுப்பதற்குத்தான் மனசு வரவில்லை. மூட்டை கட்டி ஏதோ ஒரு அறையில் போட்டுவிட்டால், என் வீட்டுக்கு வந்து பார்க்கிற பத்துப் பிள்ளைகளும் பார்க்க முடியாது.

அரூர்_காட்டுக்காரன்:
அதற்கு முன்னால் ஒன்று. காட்டுக்காரனிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். கால் பங்கு எனக்கு வேண்டாம், என் நிலத்தில் என்ன கிடைத்தது என்று நான் முதலில் பார்க்க வேண்டும்.