ஓபன்எஸ்எஸ்எல் பீட்டா: காட்பாடி முதல் ஆம்பூர் வரை மாட்டிய இடங்கள்

ஓபன்எஸ்எஸ்எல் என்பது இணையத் தகவல்களைப் பூட்டிப் பாதுகாக்கும் மென்பொருள் நூலகம். அதன் பீட்டாவை, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை, மூலக் கோடிலிருந்து கட்டிச் சோதித்தபோது மாட்டிய இடங்கள் ஊர் வாரியாக இதோ.

காட்பாடியிலிருந்து:
சிஸ்டத்தில் ஏற்கெனவே இருக்கும் லிப்கிரிப்டோவின் (ஓபன்எஸ்எஸ்எல்லின் நூலகக் கோப்பு) தலையில் பீட்டாவை ஏற்றாதீர்கள். எஸ்எஸ்எச், பைத்தான் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றன. கன்ஃபிகர் செய்யும்போதே பிரிஃபிக்ஸ் (நிறுவும் இடம்), ஓபன்எஸ்எஸ்எல்டிர் (அமைப்புக் கோப்புகளின் இடம்) இரண்டுக்கும் தனி ஃபோல்டர் கொடுத்துவிடுங்கள். பிறகு மேக் (கட்டுவது), மேக் டெஸ்ட் (சோதிப்பது), கடைசியில் மேக் இன்ஸ்டால்_எஸ்டபிள்யூ (மென்பொருளை மட்டும் நிறுவுவது). வெறும் மேக் இன்ஸ்டால் அடித்தால் மேனுவல் பக்கங்களைத் தயாரித்து முடிப்பதற்குள் டீ குடித்துவிட்டே வரலாம்.

வழுக்குகிற இடம் இதற்கப்புறம்தான். வழக்கமான 64 பிட் (எக்ஸ்86-64) லினக்ஸில் நூலகம் 'லிப்' ஃபோல்டருக்குப் போகாது, 'லிப்64'-க்குப் போகும். எல்டி_லைப்ரரி_பாத்தில் (நூலகத்தை எங்கே தேடுவது என்று சொல்லும் அமைப்பு) 'லிப்' என்று கொடுத்திருந்தால், பல நேரம் ஒரு பிழையும் காட்டாமல் பழைய நூலகமே ஏறிவிடும். 'ஓபன்எஸ்எஸ்எல் வெர்ஷன்' அடித்து, அடைப்புக்குள் 'லைப்ரரி' என்று வரும் எண்ணைப் பாருங்கள். முன்னால் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றாக இல்லையென்றால் சோதனை பண்ணியது அத்தனையும் வீண்.

குடியாத்தத்திலிருந்து:
மேக் ஓடும்போது கரண்ட் போனால், திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். சில .ஓ கோப்புகள் (கட்டும்போது உருவாகும் இடைநிலைத் துண்டுகள்) பூஜ்ஜியம் பைட்டாகக் கிடக்கும். தேதி புதிது என்பதால் மேக் அவற்றைத் தொடாது, லிங்க் செய்யும்போது, அதாவது துண்டுகளை ஒன்றாக இணைக்கும்போது, அடிவாங்கும். மேக் கிளீன் (கட்டியதை அழிக்கும் கட்டளை) போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் வழி.

பழைய மெஷினில் கடிகாரத்தை ஓடவைக்கும் சிமாஸ் பேட்டரி (சிஆர்2032) தீர்ந்திருந்தால் கடிகாரமும் பின்னால் போயிருக்கும். 'கிளாக் ஸ்க்யூ' (நேரம் பொருந்தவில்லை) எச்சரிக்கை வரும், சான்றிதழ்ச் சோதனைகள் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று விழும். முன்னால் ஓடினாலும் வம்புதான்: 3.0.3, 1.1.1ஓ வரையிலான பதிப்புகளில் 2022 ஜூன் 1-க்குப் பிறகு டெஸ்ட்_எஸ்எஸ்எல்_நியூ என்ற சோதனை தோற்றது, சோதனைக்கென வைத்திருந்த சான்றிதழ் காலாவதியானதால். கோடில் பிழை தேடும் முன் தேதியைப் பாருங்கள்.

ஆம்பூரிலிருந்து:
மேக் டெஸ்ட் முழுக்கப் பாஸ் ஆனாலும் பாதிக் கிணறுதான் தாண்டியது. தோல் ஏற்றுமதி ஆபீஸ்களில் பழைய விண்டோஸிலிருந்து எடுத்த .பிஎஃப்எக்ஸ் கோப்புகள் (சான்றிதழும் சாவியும் சேர்ந்த பொதி) இன்னும் புழக்கத்தில் உள்ளன. பலவற்றின் உள்ளே ஆர்சி2-40 என்ற பழைய, பலவீனமான பூட்டு. 3.0 முதல் அது லெகசி புரொவைடருக்குப் (பழைய முறைகளுக்கான தனிப் பகுதி) போய்விட்டதால் 'அன்சப்போர்ட்டட்' என்று நிற்கும். இந்தக் கோப்புகளைத் திறக்கும் பிகேசிஎஸ்12 கட்டளையோடு 'லெகசி' ஆப்ஷன் சேர்த்தால் திறக்கும். இது பீட்டாவின் பிழை அல்ல, புகார் எழுத வேண்டாம். திறந்ததும் ஏஇஎஸ் என்ற வலுவான முறையில் மறுபடி பூட்டி வையுங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து:
2025 ஏப்ரலில் வந்த 3.5-க்கு முந்தைய பீட்டாவிலேயே எக்ஸ்25519எம்எல்கெம்768 (குவாண்டம் கணினியையும் தாங்குவதற்கான சாவிப் பரிமாற்ற முறை) இயல்பாக வந்துவிட்டது. அந்தச் சாவிப் பங்கு மட்டும் 1,216 பைட். அதனால் கிளையன்ட் ஹலோ (இணைப்பின் முதல் செய்தி) ஒரு பாக்கெட்டில் அடங்காது. இரண்டாவது பாக்கெட்டுக்குக் காத்திருக்கத் தெரியாத பழைய ஃபயர்வால் இணைப்பைத் தொங்கவிடும். எஸ்_கிளையன்டில் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) 'குரூப்ஸ்' என்பதற்கு பழைய முறையான எக்ஸ்25519 மட்டும் கொடுத்து இன்னொரு முறை இணையுங்கள். உடனே இணைந்தால் நூலகத்தைச் சந்தேகிக்க வேண்டாம், நடுவில் இருக்கும் ஃபயர்வால் பெட்டியைப் பாருங்கள்.

பிழை உண்மையானதுதான் என்றால், தோற்ற சோதனையை மட்டும் 'டெஸ்ட்ஸ்=' கொடுத்து, 'வி=1' (விரிவான வெளியீடு) சேர்த்து ஓட்டுங்கள். அந்த வெளியீட்டோடு கன்ஃபிக்டேட்டா.பிஎம் டம்ப்பையும் (கட்டிய விதத்தின் விவரப் பட்டியல்) அனுப்புங்கள். பாதுகாப்பு ஓட்டை மாதிரித் தெரிந்தால் பொதுவில் போடாமல் பாதுகாப்புக் குழுவுக்குத் தனி மெயில். எதை அனுப்பினாலும் ஆபீஸின் பிரைவேட் கீ (ரகசியச் சாவி) அதற்குள் போய்விட்டதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.