பழனிக்கு அம்மாவைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தேனே: புதுப்பிப்பு

முட்டிவலி உள்ள அம்மா பழனி மலை ஏறுவாரா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் "வின்ச்சில் (கம்பிவடம் இழுக்கும் மலை ரயிலில்) போங்கள்" என்றீர்கள். போய்விட்டுப் பினாங்கு திரும்பிவிட்டோம்.

அம்மா வின்ச்சைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நம் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி ஏறுகிறேன், இங்கே 693தானே!" அந்தக் கூடுதல் 180 படிகளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. படியை விட்டு யானைப்பாதையில் நடந்தோம். தூரம் அதிகம், ஆனால் சரிவாக இருப்பதால் முட்டிக்கு நல்லது. விடியற்காலை கிளம்பியதால் வெயில் இல்லை. மண்டபத்துக்கு மண்டபம் உட்கார்ந்து, பக்கத்தில் மொட்டை போட்டு வந்த குழந்தையிடம் பேச்சுக் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் மேலே போய்விட்டார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

இறங்கும்போது மட்டும் வின்ச். வரிசையில் நின்ற நேரத்தில் நடந்தே இறங்கியிருக்கலாம், அது வேறு கதை.

கைப்பேசிக்கு 2023 முதல் மேலே தடை. கீழேயே ஒப்படைக்க வேண்டும். படம் கேட்டவர்கள் மன்னிக்கவும். மதுரை மீனாட்சி கோயிலிலும் அதேதான். அங்கே மதியம் நடை சாத்தியபின் போய்ச் சேர்ந்து, நாலு மணிவரை ஜிகர்தண்டாவோடு காத்திருந்தோம்.

அப்புறம், பஞ்சாமிர்தம் ஆறு டப்பா. இரண்டுதான் மிச்சம்.